இரக்கத்துக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை?

கடுகுவிதை

யோவான் எட்டாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியை அறியாதவர் குறைவு. விபசாரத்தில் கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துகிறார்கள். மோசேயின் சட்டம் கல்லெறியச் சொல்கிறதே, நீர் என்ன சொல்கிறீர் என்று இயேசுவை மடக்கப் பார்க்கிறார்கள். "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்ற பதிலை, யாரும் யாரையும் நியாயந்தீர்க்கக் கூடாது என்ற பொருளில் மேடைதோறும் கேட்டு வருகிறோம். அந்தப் பொருள்தான் சரியென்றால் நீதிமன்றங்களை எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான்.

அங்கே நடப்பதை வேறு விதமாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மரண தண்டனை வழக்கில் ஒரே ஒருவரின் சாட்சி போதாது என்று உபாகமம் 17:6 சொல்கிறது. சாட்சி சொன்னவர்களின் கைகளே முதலில் குற்றவாளியின் மேல் விழ வேண்டும் என்று அடுத்த வசனம் சொல்கிறது. பிறர் உயிரைப் பறிக்கும் சொல்லைச் சொன்னவன் அதன் பாரத்தைத் தன் கையாலேயே சுமக்க வேண்டும் என்பது அந்த விதியின் உட்கிடை. இயேசு இந்தச் சட்டத்தை நீக்கவில்லை. அதே சட்டத்தைச் சாட்சிகளின் பக்கமாகத் திருப்பிவிடுகிறார். கையும் மெய்யுமாய்ப் பிடித்தார்கள் என்றால், லேவியராகமம் 20:10 இருவருக்கும் ஒரே தண்டனை விதித்திருக்க, உடனிருந்த ஆண் எங்கே என்ற கேள்வியும் அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே நிற்கிறது. இரக்கம் அங்கே செய்த முதல் வேலை வழக்குத் தொடுத்தவர்களை விசாரித்ததுதான்.

இன்னோர் இடத்தையும் சொல்கிறேன். குற்றவாளிக்கு நாற்பது அடிக்கு மேல் அடிக்கக் கூடாது என்றும், மிஞ்சினால் உன் சகோதரன் உன் கண்முன்னே இழிந்துபோவான் என்றும் உபாகமம் 25 சொல்கிறது. அடி வாங்குகிறவனை அதுவரை குற்றவாளி என்று பேசிவந்த சட்டம், எல்லை வகுக்கும் இடத்தில் அவனைச் சகோதரன் என்கிறது. அதோடு, அடி நியாயாதிபதியின் முன்னிலையிலேயே விழ வேண்டும். தான் எழுதிய தீர்ப்பு உடம்பில் எப்படி இறங்குகிறது என்பதை அவர் பார்த்தாக வேண்டும். எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற அச்சத்தில் பிற்காலத்தார் ஒன்றைக் குறைத்தே அடித்தார்கள். யூதர்களிடம் ஒன்று குறைய நாற்பது அடியாக ஐந்து தரம் பட்டதாகப் பவுல் எழுதுகிறார்.

என் கேள்வி இதுதான். இந்த இரக்கம் தனி மனிதரின் நற்குணமாக மட்டுமே இருக்க முடியுமா, அல்லது ஒரு நீதியமைப்பின் விதிகளுக்குள் அதை எழுதி வைக்க முடியுமா?

தராசுமுள்

நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன். இறையியல் படித்தவன் அல்லன். தங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இரக்கத்தை நீதிமன்றத்துக்குள் அழைத்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று அச்சம்தான்.

மத்தேயு 18-இல் வரும் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று கொண்டால், அது 6 கோடி நாள் கூலி. எந்தப் பிறவியிலும் அடைக்க முடியாத தொகை. ராஜா அதை ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறான். அவனால் அது முடிந்ததற்குக் காரணம், நட்டம் அவனுடையது. நீதிபதியின் மேசைக்கு வரும் கடன் அவருடையது அன்று. கொல்லப்பட்டவரின் மனைவிக்கும், ஏமாற்றப்பட்ட முதியவருக்கும் சேர வேண்டியதை இன்னொருவர் பெருந்தன்மையோடு தள்ளுபடி செய்தால் அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த உவமையின் முடிவையும் மறந்துவிட வேண்டாம். தன் கடன் தள்ளப்பட்ட பிறகும் சக ஊழியக்காரனிடம் நூறு காசுக்காகக் கழுத்தைப் பிடித்தவனை ராஜா உபாதிக்கிறவர்களிடம் ஒப்புக்கொடுக்கிறான். மன்னிப்பு ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆளுகிறவனின் மனநிலைக்கேற்ப வந்து போகும் மன்னிப்பைச் சட்டத்தின் ஆட்சி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, இரக்கம் முகம் பார்க்கும். நன்றாகப் பேசத் தெரிந்தவன், அழத் தெரிந்தவன், நல்ல சட்டை போட்டு வந்தவன், நீதிபதியின் மகனை ஒத்த வயதும் சாயலும் உள்ளவன் ஆகியோருக்கு அது எளிதில் கிடைக்கிறது. வாய் திறக்காமல் முறைத்துக்கொண்டு நிற்பவனுக்குக் கிடைப்பதில்லை. நியாயத்தீர்ப்பில் ஏழைக்கும் சலுகை காட்டாதே, பெரியவன் முகத்துக்கும் அஞ்சாதே என்று லேவியராகமம் 19:15 சொல்வது உங்கள் வேதத்திலேயேதான் இருக்கிறது.

மூன்றாவதாக வரலாறு. சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் எதிராக 1764-இல் எழுதிய இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியாவின் நூலை, 1766-இல் ரோமத் திருச்சபை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. திருத்தந்தையின் ஆட்சிப் பகுதியில் 1796 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கொலைத்தண்டனை நிறைவேற்றிய பூகாத்தி என்பவரின் கணக்கில் 516 பேர் இருக்கிறார்கள். வத்திக்கான் நகரின் சட்டத்தில் மரண தண்டனை 1969 வரை இருந்தது. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் மரண தண்டனையை ஏற்க முடியாதது என்று திருத்தி எழுதப்பட்டது 2018-இல்தான். இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் இந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தவர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்வது சரியா?

ஏட்டுச்சுவடி

தராசுமுள் அவர்களின் மூன்றாவது வாதம் மட்டும் என் பக்கத்துச் சரக்கு; அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவர் தந்த தகவல்கள் உண்மை. ஆனால் கதையை 1764-இல் தொடங்கினால் பாதிதான் தெரியும்.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியஸ், நீதிமான் ஒருவன் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டைக்கூடக் கொண்டுவரக் கூடாது, வாளால் கொல்வதும் சொல்லால் கொல்வதும் ஒன்றுதான் என்று வாதிட்டார். அவர் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் மகனுக்கு ஆசிரியராக இருந்தவர். அந்தப் பேரரசனின் சட்டங்களில் இரண்டை எடுத்துக்காட்டலாம். குற்றவாளியின் முகத்தில் சூடு போடக் கூடாது, அந்த முகம் விண்ணக அழகின் சாயலில் அமைந்தது, வேண்டுமானால் கையிலோ காலிலோ போடுங்கள் என்பது ஒன்று. விசாரணைக் கைதியை உட்சிறையின் இருட்டில் அடைத்து வைக்கக் கூடாது, விடிந்ததும் அவனை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது 320-ஆம் ஆண்டுச் சட்டம். சூடு போடுவதே கூடாது என்று சொல்லும் அளவுக்கு அந்த அரசுக்கு மனம் வரவில்லை; முகத்தை மட்டும் காப்பாற்றிவிட்டது. இரக்கம் சட்டத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. ஓர் உறுப்பு, ஒரு சாளரம் என்ற அளவில்தான் அது நுழைகிறது.

வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனை எடுத்துக்கொள்ளுங்கள். 412-ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய மறைமாவட்டக் குருக்களில் ஒருவரைக் கொன்று, இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டிய, திருச்சபையிலிருந்து பிரிந்துபோன டோனாட்டியப் பிரிவினரின் வழக்கை மார்செல்லினுஸ் என்ற அதிகாரி விசாரித்துக்கொண்டிருந்தார். குற்றத்தை அவர்களே ஒப்புக்கொண்டும்விட்டார்கள். அந்த நிலையில் அகுஸ்தீன் அவருக்கு எழுதிய கடிதத்தில், இவர்களைக் கொல்லவும் வேண்டாம், இவர்கள் செய்ததுபோல் இவர்களின் உறுப்புகளைக் குறைக்கவும் வேண்டாம், உடல் முழுமையோடு ஏதேனும் பயனுள்ள வேலையில் இவர்களை ஈடுபடுத்துங்கள் என்று மன்றாடுகிறார். பாதிக்கப்பட்டவர் அவருடைய சொந்த ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். அதே கடிதத்தில், கட்டையில் இழுக்காமலும் நெருப்பு வைக்காமலும் பிரம்படியோடு நிறுத்தி வாக்குமூலம் பெற்றதற்காக மார்செல்லினுஸைப் பாராட்டுகிறார்! பிரம்படியால் பெற்ற வாக்குமூலம் என்பது அவருக்கு உறுத்தவே இல்லை. பின்னாளில் அதே டோனாட்டியரை அரசின் கைப்பலத்தால் திருச்சபைக்குள் கொண்டுவரலாம் என்று நியாயம் கற்பித்தவரும் அவரே. அந்த மார்செல்லினுஸோ, 413-இல் அரசியல் சந்தேகம் ஒன்றில் சிக்கி, அதே அரசால் கொல்லப்பட்டார்.

சித்திரவதையில் இந்த இரட்டை வழி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 866-இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், பல்கேரியர்களுக்கு எழுதிய பதிலில், அடித்துப் பெறும் வாக்குமூலம் தெய்வச் சட்டத்துக்கும் மனிதச் சட்டத்துக்கும் ஒவ்வாதது என்று கண்டித்தார். 1252-இல் நான்காம் இன்னொசென்ட், மதவிரோதிகள் மீது அதற்கே அனுமதி கொடுத்தார். 1631-இல் ஃப்ரீட்ரிக் ஷ்பே என்ற இயேசு சபைக் குரு, சூனியக்காரிகள் என்று தீர்ப்பிடப்பட்டவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர், பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். நாம் எல்லோரும் சூனியக்காரர் என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், நம்மை இன்னும் யாரும் சித்திரவதை செய்யவில்லை என்பதுதான் என்று அதில் வாதிட்டார். பெக்காரியாவுக்கு 133 ஆண்டுகளுக்கு முன்பு வந்த நூல் அது.

எனவே, திருச்சபை தொடங்கி வைத்ததா, தடுத்து நின்றதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அதே போதனையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் செய்தார்கள்.

கடுகுவிதை

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு நன்றி. முகத்தை விட்டுவிட்டுக் கையில் சூடு போடச் சொன்ன சட்டம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

தராசுமுள் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறருடைய கடனைத் தள்ளும் உரிமை நீதிபதிக்கு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் நான் கேட்டது கடனைத் தள்ளுவது பற்றியதன்று; வசூலிக்கும் முறை பற்றியது. அந்த உவமையிலேயே இரண்டாம் ஊழியக்காரனின் நூறு காசு நியாயமான கடன்தான், அதை இயேசு மறுக்கவில்லை. கழுத்தைப் பிடித்து நெரித்ததும், காலம் கொடு என்று காலில் விழுந்தவனைச் சிறையில் போட்டதும்தான் அங்கே குற்றமாகிறது.

அகல்விளக்கு

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். இங்கே இதுவரை பேசியவர்கள் அனைவரும் நீதிபதியின் நாற்காலியிலிருந்தோ குற்றவாளிக் கூண்டிலிருந்தோ பேசினீர்கள். மூன்றாவது ஆள் ஒருத்தி வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

கன்னம் வீங்கிய நிலையில் வரும் பெண்ணோடு சபைப் பெரியவர்கள் இருவர் கூடவே வருவதுண்டு. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே அம்மா, அவர்தான் முழங்காலில் நின்று அழுதுவிட்டாரே, இனி வழக்கு எதற்கு என்று அவர்கள் பேசத் தொடங்கியதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். இங்கே இரக்கம் என்ற பெயரில் நடப்பது, குற்றவாளி சுமக்க வேண்டியதைப் பாதிக்கப்பட்டவள் தலையில் இறக்கி வைப்பது. மன்னிக்க மறுத்தால் அவள் இரண்டாம் முறை குற்றவாளியாகிறாள். இம்முறை வேதத்தின் பெயரால்.

வேதத்தைப் பற்றியே பேசுவதென்றால், சகேயு என்ற வரி வசூலிப்பவனை ஏன் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை? அவன் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்று யாத்திராகமம் 22 விதித்த அதே விகிதம்.

நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தைப் பலர் கிறிஸ்தவ இரக்கத்தின் வெற்றியாகப் பேசுகிறார்கள். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமை தாங்கினார், 1996-இல் விசாரணைகள் தொடங்கின. அங்கே பொதுமன்னிப்பு சும்மா கிடைக்கவில்லை. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றமாக இருக்க வேண்டும், முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும். 7,112 விண்ணப்பங்களில் 849-க்குத்தான் மன்னிப்பு கிடைத்தது. இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பைகோவின் குடும்பத்தாரும் வேறு சிலரும், எங்கள் வழக்குரிமையை எங்களைக் கேட்காமல் எப்படிப் பறிக்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கே போனார்கள், 1996-இல் தோற்றார்கள். பைகோவின் சாவில் விண்ணப்பித்த போலீசாருக்கு 1999-இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது, அதன் பிறகு அவர்கள் மீது வழக்கு வரும் என்று எதிர்பார்த்த குடும்பத்துக்கு ஏமாற்றமே மிஞ்சியது. மன்னிப்பு பெற்றவர்களுக்கு அது கையெழுத்தான அன்றே பலன் தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆண்டுதோறும் உதவித்தொகை தரும்படி ஆணையம் பரிந்துரைத்திருக்க, அரசு 2003-இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் அறிவித்து முடித்துக்கொண்டது. இரக்கம் எந்தக் கதவைத் தட்டாமலே திறக்கிறது, எந்தக் கதவில் காத்துக் கிடக்கிறது என்று பாருங்கள்.

இதற்கு மாறான ஒன்றையும் நேர்மைக்காகச் சொல்கிறேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் வெளிப்படையாக மன்னித்தார். அது அவருடைய கடன், தள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. வழக்கு அதன் வழியில் நடந்தது. விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2005-இல் ஆயுள் தண்டனையாக்கியது, உச்ச நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது. மன்னித்தவரும் தண்டித்தவரும் வெவ்வேறு ஆட்கள். அந்தப் பிரிவினை இருந்ததால்தான் அவருடைய மன்னிப்பு மன்னிப்பாகவே இருந்தது.

தூரத்துமணி

"காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்ற மத்தேயு 25-ஆம் அதிகார வசனத்தைப் படச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு குழுவோடு சிறைக்குச் சென்று வருகிறேன். அந்த வசனத்தில் ஒரு வசதி உண்டு. காவலில் இருந்தவன் குற்றம் செய்தவனா, செய்யாதவனா என்று அது கேட்பதே இல்லை.

சிறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது, நீங்கள் பேசும் மன்னிப்போ தண்டனையோ இன்னும் எட்டிப் பார்க்காத கூட்டம். ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். ஜாமீன் ஆணை வந்துவிட்டது, ஜாமீன்தாரர் இருவர் கிடைக்கவில்லை. ஆணையின் நகலை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். மடிப்புகள் கிழிந்து நடுவில் இரண்டு எழுத்து காணாமல் போய்விட்டது. ஒவ்வொரு முறை நாங்கள் போகும்போதும் அதை விரித்து, விடுதலை செய்யலாம் என்றுதானே இதில் இருக்கிறது, ஒரு தரம் வாசித்துச் சொல்லுங்கள் என்பார். வாசித்துச் சொல்வோம். அதற்கு மேல் எங்களால் ஆவது ஒன்றுமில்லை.

இது புதிய கதையும் அன்று. 1773-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் மாவட்ட ஷெரீஃப் பதவிக்கு வந்த ஜான் ஹோவர்ட், ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவர். தம் பொறுப்பிலிருந்த சிறையில், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களும் சிறைக்காவலருக்குக் கட்டணம் செலுத்த முடியாமல் திரும்பவும் உள்ளே அடைக்கப்படுவதைக் கண்டார். காவலருக்குச் சம்பளம் இல்லை, கைதிகளிடம் வாங்கும் கட்டணமே வருமானம். சம்பளம் கொடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டபோது, இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று மாவட்ட நீதிபதிகள் கேட்டார்கள். முன்னுதாரணத்தைத் தேடி அவர் அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்குக் குதிரையில் போனார். போன இடமெல்லாம் அதே அநியாயம். விடுவிக்கப்பட்டவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1774-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அவர் யாருடைய தண்டனையையும் குறைக்கும்படி கேட்கவில்லை. எண்ணினார், அளந்தார், எழுதி வைத்தார். இரக்கத்துக்குக் குறிப்பேடும் அளவுகோலும் வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் அவர்.

அதே நூற்றாண்டின் இன்னொரு சோதனை எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1787-இல் பிலடெல்பியாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பலரும் ஆயர் ஒருவரும் சேர்ந்து, பொதுச் சிறைகளின் துயரைக் குறைக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். கசையடியும் தூக்கும் கூடாது, மனிதன் தன் மனச்சாட்சியோடும் கடவுளோடும் தனித்திருந்தால் திருந்துவான் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் 1829-இல் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. ஒருவருக்கு ஓர் அறை, கூரையில் ஒரு சிறிய வெளிச்சத் துளை, கையில் வேதாகமம், உணவு சுவரின் திறப்பு வழியாக வரும். அறையைவிட்டு வெளியே அழைத்துச் செல்ல நேர்ந்தால் தலையில் முக்காடு போட்டு முகத்தை மூடிவிடுவார்கள், யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்பதற்காக. பேச்சுக் குரல் கிடையாது. 1842-இல் அங்கே சென்ற சார்ல்ஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட மனத்தை மெல்லச் சிதைக்கும் இந்த முறை கொடியது என்று எழுதினார். அதை அமைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். 1913-இல்தான் அந்த முறை அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. கான்ஸ்டன்டைன் வெளிச்சம் காட்டச் சொன்னார். இவர்கள் வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு மனித முகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தராசுமுள்

தூரத்துமணி அவர்கள் எழுதிய கடைசிப் பத்தியை நான் என் தரப்புச் சான்றாகவே எடுத்துக்கொள்வேன். பழிவாங்க நினைக்கும் அரசுக்கு அடித்து முடித்ததும் கை ஓய்ந்துவிடும். ஆன்மாவைத் திருத்த நினைக்கும் அரசுக்கு ஓய்வே கிடையாது. இன்னும் திருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒருவனை உள்ளே வைத்திருக்கலாம். கைதியின் நன்மைக்காகச் செய்கிறோம் என்று நம்புகிறவரிடம் எல்லை பற்றிப் பேசுவது மிகக் கடினம் என்பது என் தொழில் அனுபவம்.

ஆகவே என் நிலை இப்படி வந்து நிற்கிறது. இரக்கம் ஒரு நோக்கமாக நீதியமைப்பிடம் அதிகாரம் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஒரு வரம்பாக அதிகாரத்தைக் குறைக்க வந்தால் வரவேற்கலாம். நாற்பது அடிக்கு மேல் கூடாது என்பது வரம்பு. இருட்டறை கூடாது என்பது வரம்பு. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்று 2015-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்வதும் வரம்புதான். இந்த வகை இரக்கம் முகம் பார்ப்பதில்லை. அழுபவனுக்கும் முறைப்பவனுக்கும் நாற்பதுதான் கணக்கு. கடுகுவிதை அவர்கள் முதலில் கேட்ட கேள்விக்கு, முடியும், ஆனால் எண்ணாகவும் தடையாகவும் மட்டுமே எழுத முடியும் என்பது என் பதில்.

தூரத்துமணி

எண்ணும் தடையும் வேண்டியவைதாம். அவற்றால் மட்டும் ஒரு சிறை மனிதர் வாழும் இடமாகிவிடாது என்பதையும் பார்க்கிறேன். பிரேசிலில் 1972-இல் ஒரு கத்தோலிக்கக் குழு சாவோ ஜோசே தோஸ் காம்போஸ் நகரில் தொடங்கிய ஆபாக் என்ற சிறை முறையில், ஆயுதம் தாங்கிய காவலர் கிடையாது. கதவின் சாவி தண்டனைக் கைதிகளின் கையிலேயே இருக்கும். சமையல், துப்புரவு, ஒழுங்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கே யாரும் கைதியின் மனத்துக்குள் புகுந்து பார்ப்பதற்கு முன் சாவியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிலடெல்பியாவில் தனிமையைக் கொடுத்தார்கள், இங்கே சகமனிதரைக் கொடுக்கிறார்கள். வழிபாடு அந்த முறையின் நடுவில் இருப்பதால், நம்பிக்கை இல்லாதவருக்கு அங்கே இடம் எப்படி என்ற கேள்வி எனக்கும் உண்டு; நல்ல சிறைக்குப் போவதற்காக ஒருவன் பக்திமானாக நடிக்க வேண்டிய நிலை வந்தால் அது பக்திக்கும் கேடு.

ஏட்டுச்சுவடி

வரம்பு பற்றிப் பேசியதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 390-இல் தெசலோனிக்காவில் தன் தளபதியை நகரத்தார் கொன்ற ஆத்திரத்தில் பேரரசன் தியோடோசியஸ் ஆணையிட, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். மிலான் ஆயர் அம்புரோஸ் அவனைப் பொதுவில் மனம் வருந்தச் செய்தார். கடும் தண்டனைக்கும் அதை நிறைவேற்றுவதற்கும் இடையில் 30 நாள் இடைவெளி வேண்டும் என்ற சட்டம் இதன் விளைவாக வந்தது என்று திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடோரெட் எழுதுகிறார். சட்டத் தொகுப்பில் அந்தச் சட்டத்தின் மேல் 382 என்ற ஆண்டு இருப்பதால் கதை அப்படியே ஒத்துப்போகவில்லை. ஆனால் சட்டம் இருந்தது உண்மை. ஆளுகிறவனின் கோபத்துக்கு வாய்தா வாங்கிக் கொடுத்த சட்டம் என்று சொல்லலாம்.

கடுகுவிதை

"ஏழெழுபது" என்ற கணக்கு அகல்விளக்கு அம்மாவின் பதிவில் எவ்வளவு தவறான இடத்தில் வந்து நிற்கிறது என்பதைப் பார்த்து வருந்தினேன். ஆதியாகமம் நான்கில் லாமேக்கு என்பவன், காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு மடங்கு என்று தன் மனைவிகளிடம் பெருமையடிக்கிறான். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன எண் அந்தப் பெருமையின் எதிரொலி என்று பலர் விளக்குகிறார்கள். அப்படிப் படித்தால், அது அடி வாங்கியவளுக்கு விதித்த கடமையாகாது. பழிவாங்கும் வலிமை உள்ளவனுக்குப் போட்ட கடிவாளம். காயீனின் கதையும் அப்படித்தான். கொலைகாரன் தண்டனையிலிருந்து தப்பவில்லை, நிலத்தைவிட்டுத் துரத்தப்படுகிறான். ஆனால் கண்டவனெல்லாம் அவனைக் கொல்லாதபடி அவன்மேல் ஓர் அடையாளம் போடப்படுகிறது.

தராசுமுள் அவர்களிடம் ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். எண்ணும் தடையும் போதுமென்றால் கருணை மனு என்ற ஒன்றே தேவையில்லை. எந்த விதியும் எல்லா மனிதரையும் முன்கூட்டிப் பார்த்து எழுதப்படுவதில்லை. "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு" என்று வள்ளுவர் சொன்னபோது இரண்டையும் ஒரே ஆளிடம்தான் எதிர்பார்த்தார். விதி எழுதியவர் காணாத ஒன்றை எதிரில் நிற்கும் மனிதரிடம் கண்டுகொள்ள, அமைப்பின் ஏதோ ஒரு மூலையில் ஒரு சிறிய கதவு திறந்திருக்க வேண்டும்.

தராசுமுள்

கதவு இருக்கட்டும். ஆனால் அதன் வழியாக யார் போனார், யார் திருப்பி அனுப்பப்பட்டார், ஏன் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். காரணம் எழுதாமல் கொடுக்கப்படும் கருணையும் காரணம் எழுதாமல் மறுக்கப்படும் கருணையும் எனக்கு ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் பதிலே சொல்லாமல் மனுவைக் கிடப்பில் போட்டு வைப்பது மூன்றாவது வகை. அது எல்லாவற்றிலும் மோசமானது.

அகல்விளக்கு

அப்படிக் காரணம் எழுதும் தாளில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தண்டனையைக் குறைக்கும் முன்பு பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் கேட்கப்பட்டதா, அவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு கொடுத்தாகிவிட்டதா என்று அதில் இருக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் கருணையை மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழியின் அளவைத் தீர்மானிக்கும் பாரத்தையும் அவர்கள் தலையில் வைப்பது இன்னொரு கொடுமை. குற்றவாளி விடுதலையான செய்தியை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடக் கூடாது. என்னிடம் வந்தவர்களில் சிலர் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.